மேக்ஃபைலுக்குள் எழுதிய ஆப்ஷன் பிடித்ததா, இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. குனூ மேக் என்பது மேக்ஃபைல் என்ற ஃபைலில் எழுதிய விதிகளைப் படித்து நிரலைக் கட்டும் கருவி. அதற்கு டெர்மினலில் தர வேண்டிய ஆப்ஷனை மேக்ஃபைலுக்குள்ளேயே, மேக்ஃப்ளாக்ஸ் என்ற மாறியில் எழுதிவைக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதில்தான் சிக்கல். அந்தக் கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மேக்ஃப்ளாக்ஸ், மேக்லெவல், மேக் போன்ற மாறிப் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்து. ஆப்ஷன்கள், தனியாகச் சொல்லாதவரை, சின்ன எழுத்து. நெத்திலி, இறால் என்று டார்கெட்டுக்கும் (மேக் செய்து முடிக்க வேண்டிய வேலை) மாறிக்கும் வைத்த பெயர்களைத் தமிழிலேயே விடலாம். குனூ மேக் ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: மீன் ஏலக் கணக்கு நிரலுக்கான மேக்ஃபைலின் முதல் வரியில் "மேக்ஃப்ளாக்ஸ் += -கே" என்று எழுதியிருக்கிறேன். ஒரு டார்கெட் தோற்றாலும் மற்றவை தொடர வேண்டும் என்பது நோக்கம். ஓடுகிறது. ஆனால் இந்த வரியால்தான் ஓடுகிறது என்று எப்படி உறுதி செய்வது? – வாசகர், மண்டபம்

பதில்: சரியான கேள்வி. "ஓடுகிறது" என்பது சான்றாகாது. அந்த வரியை எடுத்துவிட்டால் ஓடாது என்று காட்டினால்தான் சான்று. தனி ஃபோல்டரில் இந்த நான்கு வரியை எழுதுங்கள்:

மேக்ஃப்ளாக்ஸ் += -கே
ஆல்: நெத்திலி இறால்
நெத்திலி:; @ஃபால்ஸ்
இறால்:; @எக்கோ இறால் முடிந்தது

டார்கெட்டுக்குப் பின் அரைப்புள்ளி போட்டு அதே வரியில் கட்டளையை எழுதிவிட்டால், டேப் வைத்தோமா ஸ்பேஸ் வைத்தோமா என்ற தொல்லை இல்லை. இப்போது மேக் என்று தட்டுங்கள். நெத்திலி தோற்றதாகப் பிழைச் செய்தி வரும். அதைத் தாண்டி "இறால் முடிந்தது" என்றும் வரும். கடைசியில் ஆல் டார்கெட் பிழைகளால் உருவாக்கப்படவில்லை என்ற செய்தி வரும். உடனே "எக்கோ $?" தட்டினால் 2 கிடைக்க வேண்டும். -கே போட்டால் பிழை மன்னிக்கப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். வேலை தொடரும், அவ்வளவுதான்; வெளியேறும் எண் 2 ஆகவே இருக்கும். அது 0 ஆக வந்தால் உங்கள் சோதனையில் வேறெங்கோ கோளாறு.

அடுத்து முதல் வரியின் முன்னால் # போட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது "இறால் முடிந்தது" வரக்கூடாது. இந்த இரண்டாவது ஓட்டம் இல்லாத சோதனையை நாங்கள் சோதனையாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இங்கே எல்லோரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு: இரண்டாம் வரியில் இறாலை முன்னாலும் நெத்திலியைப் பின்னாலும் எழுதினால், -கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறால் முடிந்துவிடும். மேக் இடமிருந்து வலமாகத்தான் போகிறது. அப்படி எழுதிய சோதனை எந்நாளும் தோற்காது. அதனாலேயே எதையும் சொல்லாது. தோற்கிற டார்கெட் எப்போதும் முதலில் இருக்கட்டும். அதே ஃபோல்டரில் இறால் என்ற பெயரில் ஒரு ஃபைல் கிடந்தாலும் மேக் அதைப் புதுசு என்று எண்ணி விட்டுவிடும். ஆகவே ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் ஃபோனி (ஃபைல் அல்ல, வெறும் பெயர்) என்று அறிவித்துவிடுங்கள்.

-கே ஆப்ஷனை மேக்ஃபைலில் நிரந்தரமாக வைப்பது நல்ல பழக்கம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. முதல் பிழை திரையில் மேலே ஓடி மறைந்துவிடும். கீழே தெரிகிற பத்தும் அதன் பின்விளைவாகவே இருக்கும். தேவைப்படும் அன்றைக்கு டெர்மினலில் தருவதே மேல்.

கேள்வி: "மேக்ஃப்ளாக்ஸ் += கே" என்று ஹைஃபன் இல்லாமல் எழுதினேன். மேக் என்று வெறுமனே ஓட்டினால் பிடிக்கிறது. "மேக் -எஸ்" என்று ஓட்டினால் பிடிப்பதில்லை. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றனவா? – வாசகர், கீழக்கரை

பதில்: இல்லை. மேக்ஃப்ளாக்ஸில் உள்ளதை மேக் வார்த்தை வார்த்தையாகப் பிரிக்கிறது. முதல் வார்த்தைக்கு ஹைஃபன் இல்லையென்றால் தானே ஒன்றை முன்னால் ஒட்டிக்கொள்கிறது. முதல் வார்த்தைக்கு மட்டும். வெறும் மேக் என்று ஓட்டும்போது மாறி காலியாக இருக்கிறது. நீங்கள் சேர்த்த "கே" முதல் வார்த்தையாகி "-கே" ஆகிறது. "மேக் -எஸ்" என்றால் மாறியில் ஏற்கெனவே "எஸ்" இருக்கிறது. நீங்கள் சேர்த்தபின் "எஸ் கே". எஸ்ஸுக்கு ஹைஃபன் கிடைக்கிறது, கே அநாதையாக நிற்கிறது. அது ஆப்ஷன் அல்ல என்று மேக் பேசாமல் தள்ளிவிடுகிறது, பிழையும் சொல்லாது. ஹைஃபனோடு எழுதுங்கள், தீர்ந்தது. இதனால்தான் எந்தச் சோதனையையும் வெறும் மேக்கில் ஒரு தடவை, டெர்மினலில் வேறொரு ஆப்ஷன் சேர்த்து ஒரு தடவை என்று ஓட்டச் சொல்கிறோம்.

கேள்வி: மேக்ஃப்ளாக்ஸில் பெரிய சி போட்டு ஃபோல்டரை மாற்ற முடியுமா? – வாசகர், தேவிபட்டினம்

பதில்: முடியாது. பெரிய சி, எஃப், ஹெச், ஓ, பெரிய டபிள்யூ ஆகிய ஐந்தும், அவற்றின் நீண்ட வடிவங்களும் மேக்ஃப்ளாக்ஸில் வந்தால் மேக் கண்டுகொள்ளாது. எழுத்துப் பிழையோடு எழுதிய ஆப்ஷனுக்கும் அதே கதி. டெர்மினலில் தந்தால் "அப்படி ஓர் ஆப்ஷன் இல்லை" என்று கத்துகிற அதே மேக், மேக்ஃபைலுக்குள் எழுதினால் மூச்சுவிடாது. பிழை வரவில்லை என்பதை வைத்து ஆப்ஷன் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: கல்லூரி லேபில் ஒரு கணினியில் "--வார்ன்-அன்டிஃபைண்ட்-வேரியபிள்ஸ்" மேக்ஃபைலுக்குள் எழுதினால் எச்சரிக்கை வருகிறது. பக்கத்துக் கணினியில் அதே ஃபைல், எச்சரிக்கை வருவதில்லை. எது கெட்டுப்போயிருக்கிறது? – மாணவி, இராமநாதபுரம்

பதில்: எதுவும் கெடவில்லை. இரண்டிலும் "மேக் --வெர்ஷன்" தட்டிப் பாருங்கள், ஒன்று 4.4 அல்லது அதற்கு மேல், இன்னொன்று 4.3 அல்லது அதற்குக் கீழ் என்று வரும் வாய்ப்பே அதிகம்.

4.3 வரை, மேக்ஃபைல் முழுவதையும் படித்து முடித்த பிறகுதான் மேக் திரும்பி வந்து மேக்ஃப்ளாக்ஸில் என்ன சேர்த்தீர்கள் என்று பார்க்கும். 2022 அக்டோபரில் வந்த 4.4 இதை மாற்றியது. மாறியைத் தொட்ட அந்த வரியிலேயே ஆப்ஷனை எடுத்துக்கொள்கிறது. (சில ஆப்ஷன்களின் முழு விளைவு மட்டும் படித்து முடித்த பின்னரே தெரியும்.) இதைக் கண்ணால் பார்க்க மூன்று இடத்தில் மூன்று இல்லாத மாறிகளை வையுங்கள்:

ஒன்று := $(காணாதது1)
மேக்ஃப்ளாக்ஸ் += --வார்ன்-அன்டிஃபைண்ட்-வேரியபிள்ஸ்
இரண்டு := $(காணாதது2)
ஆல்:; @எக்கோ $(காணாதது3)

4.3இல் காணாதது3 பற்றி மட்டும் எச்சரிக்கை வரும். கட்டளை வரி விரிவதற்குள் ஆப்ஷன் அமலுக்கு வந்துவிட்டது. 4.4இல் காணாதது2, காணாதது3 இரண்டும் வரும். காணாதது1 எதிலும் வராது, அது ஆப்ஷனுக்கு முன்பே விரிந்துவிட்டது. இங்கே := கட்டாயம். வெறும் = போட்டால் மாறி அந்த இடத்தில் விரியாது, சோதனையே பாழ். எச்சரிக்கைகள் பிழை வழியில் வெளியாவதால், ஃபைலில் பிடிக்க வேண்டுமானால் "2>&1" சேர்க்க மறக்காதீர்கள்.

எந்தக் கணினியில் எது இருக்கும் என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள: உபுண்டு 22.04, 24.04 இரண்டிலும், டெபியன் 12இலும் மேக் 4.3. டெபியன் 13இல் 4.4.1. ஆப்பிள் மடிக்கணினியில் நிறுவனம் தருவது 2006ஆம் ஆண்டின் 3.81, மிகப் பழையது. மேக்ஃபைலுக்குள் -ஆர், அதன் பெரிய எழுத்து வடிவம் இரண்டையும் எழுதினால் உள்ளமைந்த விதிகளும் மாறிகளும் ஒழுங்காக நீங்குவது 4.0 முதல்தான் என்பதால், 3.81இல் அந்த வரியை நம்பவே வேண்டாம். லேபில் பதிப்பை ஏற்ற அனுமதி இல்லையென்றால், மூல நிரலை இறக்கி, கான்ஃபிகர் செய்யும்போது பிரிஃபிக்ஸாக உங்கள் ஹோம் ஃபோல்டரில் ஓர் இடத்தைக் கொடுத்துவிடுங்கள். பழையது, புதியது இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். மூல நிரலோடு டெஸ்ட்ஸ் என்ற ஃபோல்டர் வரும். பெர்ல் இருந்தால் "மேக் செக்" என்று அதை ஓட்டலாம். மேக்ஃப்ளாக்ஸுக்கென்றே அதில் தனிச் சோதனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி மேக்ஃபைல், அதற்குத் தரும் ஆப்ஷன்கள், வர வேண்டிய வெளியீடு என்ற மூன்றும் சேர்ந்தது. உங்கள் சோதனைகளையும் அந்த வடிவில் எழுதிப் பழகுங்கள் என்று மனமாரச் சொல்கிறோம்.

கேள்வி: -என் போட்டால் மேக் எதையும் செய்யாமல் வெறுமனே காட்டும் என்று நம்பி ஓட்டினேன். பழைய ஃபோல்டர் அழிந்துவிட்டது. மேக்ஃபைலில் "மேக்ஃப்ளாக்ஸில் என் இருக்கிறதா" என்று ஃபைண்ட்ஸ்டிரிங் (எழுத்தைத் தேடும் மேக் செயற்கூறு) வைத்துப் பார்க்கவும் செய்தேன். அதுவும் தாறுமாறாகப் பதில் சொல்கிறது. – வாசகர், தொண்டி

பதில்: இரண்டு தனித்தனிக் கோளாறுகள். அழிந்தது பற்றி முதலில். உங்கள் மேக்ஃபைலில் ஒரே கட்டளை வரியில் "ஆர்எம் -ஆர்எஃப் பழையது && $(மேக்) -சி வடகடல்" என்பது போல எழுதியிருக்கிறீர்கள் (சி பெரிய எழுத்து). $(மேக்) என்ற சொல் வருகிற வரியை, + குறியில் தொடங்கும் வரியை, -என் இருந்தாலும் மேக் ஓட்டியே தீரும். உள்ஃபோல்டரில் என்ன நடக்கும் என்று காட்ட வேண்டுமே, அதற்காக. உள்ளே போகிற மேக்குக்கு -என் கூடவே போகும், ஆகவே அது எதையும் செய்யாது. ஆனால் அதே வரியில் ஒட்டிக்கொண்டிருந்த அழிக்கும் கட்டளை நிஜமாகவே ஓடிவிட்டது. அழிப்பது, நகர்த்துவது, பிரதி எடுப்பது எதையும் $(மேக்) உள்ள வரியில் வைக்காதீர்கள். தனி வரியாக்குங்கள். இதே விதி -டி, -க்யூ இரண்டுக்கும் உண்டு.

ஃபைண்ட்ஸ்டிரிங் பற்றி: மேக்ஃபைலைப் படிக்கும் நேரத்தில் பழைய பதிப்புகளில் மேக்ஃப்ளாக்ஸில் ஒற்றை எழுத்து ஆப்ஷன்கள் மட்டுமே தெரிந்தன. 4.4 முதல் எல்லாமே தெரிகின்றன. "--நோ-பிரிண்ட்-டைரக்டரி" என்று யாராவது தந்தால் அந்த நோவின் முதல் எழுத்தே ஆங்கில என். உங்கள் சோதனை அதைப் பிடித்துக்கொண்டு "-என் இருக்கிறது" என்று தவறாகச் சொல்லிவிடும். தேட வேண்டியது இங்கே:

$(ஃபைண்ட்ஸ்டிரிங் என்,$(ஃபர்ஸ்ட்வேர்ட் -$(மேக்ஃப்ளாக்ஸ்)))

ஏன் முன்னால் ஒரு ஹைஃபன்? 4.0 முதல் ஒற்றை எழுத்து ஆப்ஷன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முதல் வார்த்தையில் நிற்கும். மதிப்பு எடுக்கும் ஆப்ஷன்கள் அந்த வார்த்தையில் வராது. ஒற்றை எழுத்து எதுவும் இல்லையென்றால் மாறி ஒரு ஸ்பேஸோடு தொடங்கும். முன்னால் ஹைஃபனை ஒட்டிவிட்டால் அந்த நிலையில் முதல் வார்த்தை வெறும் "-" ஆகிவிடும். நீண்ட ஆப்ஷன் தேடலுக்குள் நுழைய வழியில்லை. இதைச் சோதிக்க மூன்று ஓட்டம் போதும்: வெறும் மேக், "மேக் -என்", "மேக் --நோ-பிரிண்ட்-டைரக்டரி". நடு ஓட்டத்தில் மட்டும் ஆம் வர வேண்டும்.

மாறியின் மதிப்பை -என் ஓட்டத்தில் பார்ப்பதற்கு எக்கோ உதவாது. கட்டளை ஓடாதே, எழுத்தாகத்தான் அச்சாகும். கட்டளை வரிக்குள் $(இன்ஃபோ $(மேக்ஃப்ளாக்ஸ்)) என்று வையுங்கள். வரியை விரிக்கும்போதே மேக் அதை அச்சிட்டுவிடும். மேக்ஃபைலில் -கே, டெர்மினலில் -என் என்றால் அங்கே "கேஎன்" என்று இரண்டு எழுத்தும் ஒட்டி, அகர வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: 61 நாள் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) படகுகள் கரையில் நிற்கும்போது டீசல், ஐஸ் கணக்கு நிரலை எழுதி முடித்துவிட எண்ணம். வடகடல், தென்கடல் என்று இரண்டு உள்ஃபோல்டர். சீக்கிரம் முடிய, பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் -ஜே ஆப்ஷனை எல்லா மேக்ஃபைலிலும் போட்டேன். ஜாப்சர்வர் பற்றி எச்சரிக்கை வருகிறது, கணினியும் திணறுகிறது. – வாசகர், இராமேஸ்வரம்

பதில்: மேல் மேக்ஃபைலில் -ஜே2, உள்ளே -ஜே4 என்று வைத்திருப்பீர்கள். மேலே உள்ள மேக், எத்தனை வேலை ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதற்கான டோக்கன்களைத் தன் கையில் வைத்துக்கொண்டு உள்மேக்குகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது, அதுதான் ஜாப்சர்வர். உள்ளே இருப்பது தனக்கென்று வேறு எண்ணைச் சொன்னால் அந்தப் பங்கீட்டை உதறிவிட்டுத் தனிக்கடை போடுகிறது. எச்சரிக்கை அதைத்தான் சொல்கிறது. வடகடல் 4, தென்கடல் 4, மொத்தம் 8 வேலை. இரண்டு கோர் கணினி திணறாமல் என்ன செய்யும்?

எண்ணை மேல் மேக்ஃபைலில் மட்டும் வையுங்கள். எல்லா ஃபோல்டரும் ஒரே பொது ஃபைலை உள்ளிழுத்தால், மேக்லெவல் 0 ஆக இருந்தால் மட்டும் -ஜே சேர்க்கும்படி இஃப்ஈக் வைத்துவிடுங்கள். மேல்மட்டத்தில்தான் அது 0. உள்ளே போகப்போக ஒன்றொன்றாகக் கூடும். உள்ஃபோல்டரை அழைக்கும்போது $(மேக்) என்றே எழுதுங்கள். வெறும் மேக் என்று எழுதினால் டோக்கன் உள்ளே போகாது. ஜாப்சர்வர் கிடைக்கவில்லை, -ஜே1 ஆக ஓடுகிறேன் என்ற வேறோர் எச்சரிக்கை வரும்.

பிடித்ததா என்று பார்க்கக் கடிகாரம் போதும். ஒவ்வொன்றும் "ஸ்லீப் 2" மட்டும் செய்கிற நான்கு டார்கெட், மேலே "மேக்ஃப்ளாக்ஸ் += -ஜே4". "டைம் மேக்" என்று ஓட்டினால் ஏறத்தாழ 2 விநாடி. அந்த வரியை எடுத்தால் 8 விநாடி. புதிய பதிப்புகளில் டெர்மினலில் "-ஜே1" தந்தால் அதுவே செல்லும், மறுபடி 8 விநாடி ஆகும். இந்த மூன்றாவது ஓட்டத்தையும் செய்து பாருங்கள். உங்கள் நிரலை வேறொருவர் சின்னக் கணினியில் கட்டும்போது அவர் சொன்ன எண்ணுக்கு மதிப்பு இருக்க வேண்டும்.

கேள்வி: சோதனைகளைத் தனியே ஓட்டினால் எல்லாம் சரி. "மேக் -கே செக்" என்று மேக் மூலமாக ஓட்டினால் "-கே இல்லாத" சோதனை தோற்கிறது. – வாசகர், உச்சிப்புளி

பதில்: மேல் மேக் தன் மேக்ஃப்ளாக்ஸைச் சூழல் மாறியாக உள்ளே அனுப்பிவிடுகிறது. நீங்கள் சோதிக்கிற மேக் அதைப் படித்து, யாரும் தராத -கே ஆப்ஷனை எடுத்துக்கொள்கிறது. கழுவிவிட்டு ஓட்டுங்கள்:

என்வ் -யு மேக்ஃப்ளாக்ஸ் -யு எம்ஃப்ளாக்ஸ் -யு குனூமேக்ஃப்ளாக்ஸ் -யு மேக்லெவல் -யு மேக்ஃபைல்ஸ் எல்சி_ஆல்=சி மேக்

குனூமேக்ஃப்ளாக்ஸ் 4.0இல் வந்தது, யாரோ எப்போதோ பாஷ்ஆர்சியில் (டெர்மினல் தொடக்க ஃபைல்) எழுதிவைத்தது உங்கள் கணினியில் கிடக்கலாம். மேக்லெவலைக் கழுவாவிட்டால் செய்திகளின் முன்னால் மேக்[1] என்று எண் சேர்ந்து, எதிர்பார்த்த வெளியீட்டோடு ஒத்துப்போகாது. எல்சி_ஆல், செய்திகளின் மொழி மாறாமல் இருக்க.

இன்னொன்று: வெளியீட்டைப் பார்த்துக்கொண்டே சேமிக்க "மேக் | டீ பதிவு" என்று எழுதுகிறார்கள். அப்போது $? தருவது டீயின் எண், மேக்கின் எண் அல்ல. மேக் 2 தந்திருந்தாலும் 0 என்றே தெரியும். ஃபைலுக்கு நேராகத் திருப்பி, எண்ணை ஒரு மாறியில் எடுத்துக்கொண்டு, பிறகு எதிர்பார்த்த வெளியீட்டோடு ஒப்பிட டிஃப் ஓட்டுங்கள்.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டியில் இதே மேக்ஃபைல் ஓடுமா? – வாசகர், பெரியபட்டினம்

பதில்: அங்கே மேக் என்று தட்டினால் வருவது பிஎஸ்டி மேக், வேறு கருவி. மேக்ஃபைலுக்குள் ஆப்ஷன் எழுத அதில் புள்ளியோடு தொடங்கும் .மேக்ஃப்ளாக்ஸ் என்ற சிறப்பு டார்கெட் இருக்கிறது; ஆப்ஷனை அதன் முன்தேவையாக எழுத வேண்டும். குனூ மேக்குக்கு எழுதியதை மாற்றாமல் ஓட்ட வேண்டுமானால் ஜிமேக் நிறுவி, அந்தப் பெயரிலேயே அழையுங்கள்.